சீர்வரிசையில் வந்த அக்கவுன்ட்

எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த அன்று அம்மா கேசரி கிளறினாள். அப்பா அதைக் கிண்ணம் கிண்ணமாகப் பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்து முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேரப்போகிறவர்களுக்காகக் கல்லூரி சீனியர்கள் ஒரு குரூப் தொடங்கியிருந்தார்கள். அதில் வந்த முதல் கேள்வியே எந்தெந்தத் தளத்தில் என்ன பெயரில் இருக்கிறீர்கள், எல்லோரும் போடுங்கள் என்பதுதான். மார்க்கைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் படித்த பாடம் இதுதான். எந்தத் தளத்தில் இருப்பது, எதில் இல்லாமல் இருப்பது. பெயர்கள் வேண்டாம், எல்லோருடைய போனிலும் இருப்பவைதான். பழைய தளம் ஒன்று இருந்தது. அது அப்பாக்களின் இடம். ரோஜாப்பூ வைத்த குட்மார்னிங், கல்யாண நாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன நாய். அதில் இருக்கிறேன் என்று சொன்னாலே கல்லூரியில் கதை முடிந்தது. அடுத்தது படத் தளம். கல்லூரி முழுக்க அங்கேதான் குடியிருந்தது. மூன்றாவது வேலைத் தளம். அங்கே முதல் வருஷப் பிள்ளைகள்கூட ரிட்டயராகப் போகிற அதிகாரிகள் மாதிரி பேசிக்கொண்டார்கள். ஒரு போட்டியில் கலந்துகொண்டு தோற்றதற்கும் "தெரிவிப்பதில் பெருமிதம் கொள்கிறேன்."

நான் படத் தளத்தையும் வேலைத் தளத்தையும் தேர்ந்தெடுத்தேன். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதுபோல அத்தனை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அல்சூர் ஏரியைக் குப்பை ஒதுங்காத பக்கமாகப் பார்த்துப் படம் எடுத்தேன். ஊர் என்று கேட்ட இடத்தில் இந்திராநகர் என்று போட்டேன். எங்கள் சந்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் இந்திராநகர் என்றால் காபி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள், அல்சூர் என்றால் அல்சூரில் எங்கே என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியை வாழ்க்கையில் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று.

இப்படிப் பார்த்துப் பார்த்து ஒருத்தியை உருவாக்கினேன். ஆனால் எனக்கு முன்பே வேறொருத்தி அங்கே இருந்தாள். பழைய தளத்தில், என் முழுப் பெயரில், தலையில் கிரீடமும் கழுத்தில் ரூபாய் நோட்டு மாலையுமாக, பல வருஷங்களாக உட்கார்ந்திருந்தாள். அவளை என்னால் வெளியே அனுப்பவும் முடியவில்லை, உள்ளே போய்ப் பார்க்கவும் முடியவில்லை.

அவளை உண்டாக்கியவர் என் தாய்மாமன். அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆடுகோடியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தார். பிறந்தநாள், கட்சி மாநாடு, கோயில் திருவிழா, சாவு, எதுவாக இருந்தாலும் மாமாவின் மெஷினிலிருந்து நீளமாக உருண்டு வெளியே வரும். நான் ஏழாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன்தான் சீர் கொண்டுவர வேண்டும். மாமா சும்மா இருப்பாரா? சந்தின் வாசலை மறைத்து ஒரு பேனர் கட்டினார். நடுவில் நான், கிரீடத்தோடு. என் பின்னால் சுவிட்சர்லாந்து மலை. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மாமா, கூலிங் கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்து யாரோடோ முக்கியமாகப் பேசுகிற மாதிரி. கீழே வரிசையாகத் தலைவர்களின் முகங்கள், ஏரியா சங்கத்துக்காரர்களின் முகங்கள். மேலே "மஞ்சள் நீராட்டு விழா" என்று எரிகிற எழுத்து.

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. என் உடம்புக்குள் நடந்ததை மாமா ரோட்டில் கட்டித் தொங்கவிட்டார், அதைப் பார்த்துவிட்டு மளிகைக்கடைக்காரர் எனக்கு ஓசியில் சாக்லேட் கொடுத்தார். அதே சமயம், பொய் சொல்லக்கூடாது, நோட்டு மாலை போட்டபோது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் இருந்தன.

சீர்த் தட்டு வரிசை வைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரட்டைப்படை. ஒரு தட்டு குறைகிறது. பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைக்கு ஓடிப்போய் ஆப்பிள் வாங்கி வரலாமா என்று அப்பா செருப்பைத் தேடினார். மாமா, "இன்னாத்துக்கு டென்ஷனு? ஒரே ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலித் தட்டை எடுத்தார். வெற்றிலை பாக்கு வைத்தார். ஒரு முழம் பூ வைத்தார். அதன்மேல் தன் போனை வைத்தார். போனில் என் பெயரும் என் கிரீடப் படமும் மின்னிக்கொண்டிருந்தன.

"எங்க பாப்பாவுக்கு மாமன் சீரு. அவ பேருல அக்கவுன்ட்டு. இனிமே உலகத்துக்கே தெரியும் கண்ணு நீ யாருன்னு."

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படித்தான் நான் இணையத்துக்கு வந்தேன், வெற்றிலை பாக்கோடு.

என் நிஜ வயசுக்கு அந்தத் தளம் இடம் கொடுக்காது. அதனால் மாமா ஒரே தட்டில் என்னைப் பெரிய மனுஷியாக்கிவிட்டார். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அங்கே எனக்கு ஹேப்பி பர்த்டே வந்துகொண்டிருக்கும். முன்பின் தெரியாத ஆண்கள் "நைஸ் பிக் மேடம்" என்பார்கள். அக்கவுன்ட்டை மாமா தன் நம்பரில் திறந்திருந்தார். ரகசிய எண்ணும் அவருக்குத்தான் தெரியும். நான் பி.யூ. முதல் வருஷம், அதாவது பதினொன்றாவது, படிக்கும்போது ஒரு மத்தியானம் அவர் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நம்பர் போயிற்று. அதோடு சாவியும் போயிற்று. வீடு மட்டும் விளக்கெரிந்தபடி இருந்தது.

அப்பாவுக்கு இது எதுவும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவர் பீன்யாவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். காலையில் அல்சூரில் மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக்கில் மாறிப் பீன்யா போகிறவரை போன்தான். பழைய தளத்தில் தன் பெயரில் வைத்திருந்த பக்கத்தில் மஞ்சள் நீராட்டு ஆல்பத்தை மொத்தமாக வைத்திருந்தார். தினமும் அதிலிருந்து கிளம்பி என் பெயரில் இருந்த பக்கத்துக்குப் போய் ஒரு பூவைப் போடுவார். "குட் மார்னிங் பாப்பா." சாயங்காலம், "சாப்டியா பாப்பா." நான் அதே வீட்டில், அவர் வாங்கி வந்த பன்னைத் தின்றுகொண்டிருப்பேன்.

"அப்பா, அது நான் இல்ல. என்னால உள்ளயே போக முடியாது."

"உன் பேரு. உன் போட்டோ. அப்புறம் யாரு, பக்கத்து வூட்டுப் பொண்ணா?"

"யார் வேணாலும் பாப்பாங்கப்பா."

"பாக்கட்டுமே. திருடியா வெச்சிருக்கோம்?"

நான் ஒளிக்க நினைத்தது அவருக்குப் பெருமை. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லித் தளத்துக்கு நானே விண்ணப்பித்தேன். என் அடையாள அட்டையைக் கேட்டார்கள், அனுப்பினேன். அதிலிருந்த பிறந்த தேதியும் அந்த ஜனவரி ஒன்றும் ஒத்துப்போகவில்லை, நீங்கள் அந்த நபர் இல்லை என்று பதில் வந்தது. என்னையே நான் இல்லை என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னது. அதோடு கல்லூரியும் திறந்துவிட்டது.

முதல் செமஸ்டர் நன்றாகத்தான் போயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வடக்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கெட்டிக்காரி. அநியாயம் எங்கே நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கேன்டீன் அண்ணனுக்குச் சம்பளம் சரியாகக் கொடுக்கிறார்களா என்று கேட்டு மேனேஜரோடு சண்டை போட்டவள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அதை இப்போது சொல்லவும் எரிச்சலாக இருக்கிறது.

இரண்டாவது செமஸ்டரில், வகுப்பில் வேலையில்லாத யாரோ எல்லோருடைய முழுப் பெயரையும் பழைய தளத்தில் போட்டுத் தேடியிருக்கிறார்கள். அவள் கிடைத்தாள். கிரீடத்தோடு. அப்பா அங்கே போட்ட பூக்களைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆல்பத்துக்கும் போயிருக்கிறார்கள். பேனர் படத்தின் லிங்க் வகுப்பு குரூப்பில் வந்து விழுந்தது. பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அந்த வகையில் நான் தப்பித்திருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒருத்தன் இருந்தான். எழுத்தெண்ணி மொழிபெயர்த்துக் கொடுத்தான். அது என்ன விழா என்று விளக்கினான். போதாதென்று, கீழே வரிசையாக இருந்த தலைவர்களின் முகங்களைப் பார்த்தே நாங்கள் எந்த ஜாதி என்று கண்டுபிடித்து, அதையும் இரண்டு மூன்று பேருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறான். கன்னடக்காரனும் கண்டுகொள்ளவில்லை, ஹிந்திக்காரனும் கண்டுகொள்ளவில்லை. நம்ம பாஷை பேசுகிறவன் வந்துதான் நம்மைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டிக்கர் தயாராகிவிட்டது. பேனரிலிருந்து மாமாவை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தார்கள். கூலிங் கிளாஸ், காதில் போன், சுற்றிலும் வெள்ளைக் கோடு. கீழே ஆங்கிலத்தில் "அங்கிள் அப்ரூவ்ஸ்". யாருக்காவது நல்ல மார்க் வந்தால் மாமா வருவார். லெக்சரர் லீவு என்றால் மாமா வருவார். என்னைப் பற்றி நேராக ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை. அவ்வளவு நாகரிகமான பிள்ளைகள். நானும் ஒருமுறை சிரிக்கிற பொம்மையைத் தட்டி அனுப்பினேன். வேறென்ன செய்வது, செத்துப்போன என் மாமாவை வைத்து விளையாடாதீர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் இருக்கிற குரூப்பில் எழுதி, அதற்கும் ஒரு ஸ்டிக்கர் வாங்கிக்கொள்வதா?

கேன்டீனில் என் பக்கத்தில் உட்காருகிறவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் வைத்த போனைப் பற்றி, போன சாவியைப் பற்றி, அப்பாவின் குட்மார்னிங்கைப் பற்றி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: இது உன்னைக் கேட்காமல் உனக்குச் செய்தது, ஒரு சிறுமியின் உடம்பை ஊருக்குக் காட்டுவது வன்முறை, நீ தனியாக இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்.

மறுநாள் காலை குரூப்பில் அவள் நீளமாக எழுதியிருந்தாள். ஸ்டிக்கரை வைத்துச் சிரித்ததற்காக எல்லோரும் வெட்கப்பட வேண்டும், சிரித்ததற்குப் பிராயச்சித்தமாக எல்லோரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் கொடுப்போம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அந்த ஆல்பத்தைப் போட்டிருக்கிற ஆளையும்." அந்த ஆள் என்றால் என் அப்பா. லிங்க் கொடுத்திருந்தாள். எந்தக் காரணத்தைத் தட்ட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் பஸ்ஸில் இருந்தேன். இறங்கி வகுப்புக்குள் போவதற்குள் எல்லோரும் தட்டி முடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஒருத்தன் பழக்க தோஷத்தில் மாமாவையே அனுப்பியிருந்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். இங்கே பிள்ளையாரையே உடைத்துவிட்டு, குரங்கை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தப் போலிப் பக்கத்தில் விதிமீறல் எதுவும் இல்லை என்று தளம் சொல்லிவிட்டது. அது இன்றைக்கும் இருக்கிறது. போனது அப்பாவின் பக்கம்தான்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முன்னால் நீட்டினார்.

"பாப்பா, என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு. உள்ள போகவே மாட்டேங்குது. இன்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

படித்தேன். சிறுவர்களைத் தவறாகப் பயன்படுத்துவது தொடர்பான விதியை மீறியதற்காக உங்கள் கணக்கு மூடப்பட்டது என்று இருந்தது. இதை எந்தத் தமிழில் எந்த மகள் எந்த அப்பாவுக்குப் படித்துச் சொல்வாள்? நான் ஒரு தரம் படித்து, இன்னொரு தரம் படிப்பதுபோலக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதோ ரூல்ஸாம்ப்பா. நெறைய பேருக்கு இப்படி மூடறாங்களாம்."

"நான்தான் மெட்ரோவுல நெரிசல்ல எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார் அப்பா. தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். மெஷின் எண்ணெய் இறங்கிக் கறுத்த விரல். "இந்தக் கையி பட்டாலே அது சரியா வேலை செய்யாது."

மறுபரிசீலனைக்கு எழுதினேன். முடிவு இறுதியானது என்று, அனுப்பிய கை எடுப்பதற்குள் பதில் வந்தது. ஒரு மனிதன்கூட அதைப் படித்திருக்க மாட்டான்.

மறுநாள் கல்லூரியில் அந்தத் தோழியிடம் போய், அது என் அப்பா என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் பொறுமையாகவே பதில் சொன்னாள். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் செய்தது சரியாகிவிடுமா, நீயே தானே வலித்தது என்று சொன்னாய் என்றாள். அவள் சொன்னதில் பாதி நியாயம். எனக்கு வலித்தது உண்மை. ஆனால் என் வலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய், என் அப்பா தலையில் கல்லாகப் போட அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? மாமாவும் என்னைக் கேட்கவில்லை, இவளும் என்னைக் கேட்கவில்லை. மாமாவாவது பூ வைத்துச் செய்தார்.

மாமாவின் நினைவு நாள் நெருங்கியபோதுதான், என்ன போயிற்று என்று எங்களுக்கு உறைத்தது. எங்கள் பக்கம் நினைவு நாளுக்குப் படம் போட்டுப் போஸ்டர் ஒட்டுவது வழக்கம். பேனருக்குத் தடை வந்துவிட்டாலும் பேப்பர் போஸ்டர் நிற்கவில்லை. அம்மா மாமாவின் படத்தைத் தேடினாள். ஊருக்கெல்லாம் படம் அடித்த மனிதருக்கு ஒரு படம் இல்லை. எந்த விசேஷத்திலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். விழா ஆல்பத்தை நானே பிரின்ட் போட்டுத் தருகிறேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். கடையை வாங்கியவர் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டார். அப்பாவின் பழைய போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து செத்தது, அன்று யாரும் கவலைப்படவில்லை, எல்லாம்தான் அந்தத் தளத்தில் இருக்கிறதே என்று. கிரீடப் பெண்ணின் பக்கத்தில் என் படம் மட்டும்தான் இருந்தது. மாமா இருந்த படமெல்லாம், அந்தப் பேனர் உட்பட, அப்பா ஏற்றியவை. அவர் கணக்கோடு அவையும் போய்விட்டன.

ஆதார் அட்டை ஒன்று இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"இதுல எங்கண்ணன் போலீஸ்ல மாட்டுனவன் மாதிரி கீறான். இத சுவத்துல ஒட்டுனா, காணாமப் போனவனா, தேடப்படறவனான்னு கேப்பாங்க." பிறகு அட்டையைக் கவிழ்த்தாள். "எம்மாம் ஸ்டைலா இருப்பான். அந்தக் கண்ணாடி போட்ட படம் ஒண்ணு கெடைக்காதா?"

கண்ணாடி போட்ட படம் என் போனில் இருந்தது. அன்று காலைகூட வந்திருந்தது, யாருக்கோ இன்டர்ன்ஷிப் கிடைத்ததற்காக.

ஸ்டிக்கரைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. கத்தரித்த பெரிய படம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், எல்லோரும் சிரித்த முதல் நாளிலேயே என் தோழியும் அதைச் சேமித்து வைத்திருந்தாள் என்று தெரிந்தது. பிராயச்சித்தம் பிறகு வந்ததுதானே. அந்தச் சண்டைக்குப் பிறகு பேசாமலிருந்தவளிடம் நானே போய்க் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் பெருந்தன்மையாக உடனே அனுப்பினாள், ஒரு இதயமும் சேர்த்து. வாங்கிக்கொண்டேன். "அங்கிள் அப்ரூவ்ஸ்" என்ற எழுத்தை வெட்டினேன். சுற்றியிருந்த வெள்ளைக் கோட்டை எடுக்கப் பார்த்தேன். எடுத்தால் காதும் போனும் சேர்ந்து போயின. அப்படியே விட்டுவிட்டேன்.

போஸ்டர் கட்டு வந்த அன்று அப்பா ஒன்றை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா அதிலிருந்த மாமாவின் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா தன் கறுத்த விரலால் அந்த வெள்ளைக் கோட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"எம்மாம் அழகா சுத்தி ஒளி மாதிரி போட்டுக்கீறாங்க பாரு. மச்சான் சாமி மாதிரியே கீறாரு. இவ்ளோ மெனக்கெட்டு யாரு பாப்பா பண்ணது?"

"காலேஜ்ல, என் ஃப்ரெண்ட்ஸ்ப்பா."

"நல்ல புள்ளைங்க" என்றார் அப்பா. "ஒரு நாளைக்கு வூட்டுக்குக் கூட்டிக்கினு வா. பிரியாணி செய்யச் சொல்றேன்."